காமன் பொட்டலும் தரம் 4 வகுப்பறையும்

மலையகத்துத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் தரம் 5 வரை படித்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். அதுவரைக்கும் பாட்டு, படம், ஆட்டம் எல்லாம் ஒரே குவியல்தான். சுற்றாடல்சார் செயற்பாடுகள் பாடத்தில் மழையைப் பற்றிப் படிப்போம், மழைப் பாட்டுப் பாடுவோம், அப்படியே ஒரு குடையை வரைந்து கலரும் அடிப்போம். தரம் 6க்குப் போனதும் கதை மாறிவிடும். சங்கீதம், சித்திரம், நடனம், நாடகமும் அரங்கியலும் என்று தனித்தனிப் பெட்டிகள். ஒன்றுக்குள்தான் ஏறலாம். தோட்டப்புறத்தில் அந்தத் தெரிவும் பேச்சுக்குத்தான். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரோ அதுவே எல்லாருக்கும் பாடம். எங்களில் பாதிப் பேர் சித்திரம் படித்தது அப்படித்தான்.

ஆனால் மாசி மாதம் வந்தால் இதே பிள்ளைகள், லயத்துக்குப் பக்கத்தில் இருக்கிற காமன் பொட்டலில், இந்தப் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகத் திறந்து கிடப்பதைப் பார்க்கிறார்கள். அங்கே இசை, நிறம், உடை, ஆட்டம், கதை எதையும் யாரும் பிரித்து வைக்கவில்லை. பொட்டலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடந்தால் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடம் நூறு வருசத்துக்கு மேலாக ஏன் கடக்கப்படாமலேயே கிடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையில் எங்கள் கேள்வி.

முதலில் பொட்டலுக்குப் போவோம். அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமியில் தகனம். நடுவில் ஏறத்தாழ இரண்டு வாரம். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். தவத்தில் இருக்கிற சிவனை எழுப்பத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். ரதி போகாதே என்று மறிக்கிறாள். அவன் போகிறான், மலர்க்கணையை விடுகிறான், நெற்றிக்கண் திறக்கிறது, சாம்பலாகிறான். பிறகு ரதியின் புலம்பல், கடைசியில் அவனுக்கு மறுபடி உயிர். பகலில் கவ்வாத்து வெட்டியவரும் மருந்து அடித்தவரும் ஸ்டோரில் கொழுந்து வாட்டியவரும்தான் இரவில் இந்திரன், நாரதர், எமன், வீரபத்திரன். ரதியும் காலங்காலமாக ஆம்பளைதான்.

கூத்து மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார். அவரிடம் ஒரு பழைய கொப்பி இருக்கும், பாட்டெல்லாம் அதில். அப்பா எழுதியதைப் பார்த்து மகன் எழுதியது, அதைப் பார்த்து அவர் எழுதியது. அவர் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார், அடவு சொல்லிக் கொடுப்பார், கிரீடத்துக்குக் கடதாசி மட்டையை எப்படி வளைப்பது, ஜிகினாத் தாளை எங்கே ஒட்டுவது, கண்ணாடித் துண்டை எந்த இடத்தில் வைத்தால் தீவட்டி வெளிச்சத்தில் பளிச்சென்று அடிக்கும் என்பதையும் சொல்லிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் இதற்கு மூன்று ஆசிரியர்கள், மூன்று பாடத்திட்டம், மூன்று ஆசிரிய ஆலோசகர்கள் வேண்டும்.

பார்க்கிற சின்னப் பிள்ளைக்கும் இதில் ஒரு பயிற்சி கிடைக்கிறது. முகத்தில் பூசியிருக்கிற நிறத்தை வைத்தே வருவது எமனா வீரபத்திரனா என்று அது சொல்லிவிடும். கண்ணை மூடிக்கொண்டாலும் சொல்லும், ஏனென்றால் வீரபத்திரனுக்கு அடிக்கிற அடியில் ரதி ஆடமுடியாது. ஒரு நிறத்துக்கும் ஒரு தாளத்துக்கும் ஒரு மனநிலைக்கும் நடுவில் இருக்கிற உறவை அது ஐந்து வயதிலேயே பிடித்துக்கொள்கிறது. ஆரம்ப வகுப்புகளில் இசையையும் சித்திரத்தையும் சேர்த்துப் படிப்பிக்க வேண்டும் என்று உலகம் முழுக்கப் பேசுகிறார்களே, அவர்கள் கேட்பது இதைத்தான்.

இனி தப்பு. காமன் கூத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது, அதற்குள் மலையகத்தின் வரலாறும் இருக்கிறது. வட்டமான மரச்சட்டம், அதன்மேல் இழுத்து ஒட்டிய தோல், இரண்டு குச்சி. அவ்வளவுதான். கல்யாணத்துக்கு ஓர் அடி, திருவிழாவுக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி, காமனுக்கு வேறு அடி. தூரத்து டிவிசனில் இருந்து சத்தம் கேட்டாலே அங்கே என்ன நடக்கிறது என்று நம்ம பாட்டிமார் சொல்லிவிடுவார்கள். நுவரெலியாப் பனியில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். அதனால் அடிக்கிறவர்கள் சருகைக் கொளுத்தி அந்தச் சூட்டில் காட்டுவார்கள். தோல் இறுகும், சுருதி ஏறும். விஞ்ஞானப் பாடத்துக்கும் அதற்குள் இடம் உண்டு.

ஆனால் தோட்டத்தில் தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடியற்காலையில் ஆட்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு வரவைக்கிற வேலை. துரைமார் 'பரேட்' என்றதை நம்ம ஆட்கள் பெரட்டு ஆக்கினார்கள், அதற்கு அடித்தது பெரட்டுத் தப்பு. சாமிக்கும் சாவுக்கும் அடித்த அதே தோல் தோட்டத்துக் கடிகாரமாகவும் ஆனது. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்ற நெடும் கவிதையிலும் விடிவது இந்த மேளத்தோடுதான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஒருத்தருக்குக் காமன் ஞாபகம் வரும், இன்னொருத்தருக்கு வேலைக்குப் பிந்தினால் வாங்குகிற ஏச்சு ஞாபகம் வரும்.

இந்த இடத்தில் கொஞ்சம் டிரினிடாடைப் பார்க்கலாம். அங்கேயும் அதே பிரித்தானிய ஆட்சி, அங்கேயும் தோட்டங்கள், கரும்புத் தோட்டங்கள். ஆபிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததி தோல் மேளம் அடித்தால் கூட்டம் சேரும், கூட்டம் சேர்ந்தால் கலகம் வரும் என்று ஆட்சி பயந்தது. 1884இல் சட்டம் போட்டு மேளத்தைக் கட்டுப்படுத்தியது. மக்கள் மூங்கிலை வெட்டித் தரையில் குத்தித் தாளம் போட்டார்கள். பிறகு தகரத்தைத் தட்டினார்கள். கடைசியில் எண்ணெய்ப் பீப்பாயில் இருந்து ஸ்டீல்பேன் என்ற வாத்தியமே பிறந்தது. இன்றைக்கு அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கற்கிறார்கள். ஒரு தீவில் மேளத்துக்குத் தடை, இன்னொரு தீவில் மேளத்துக்கு வேலை. தடை விதிக்கப்பட்ட மேளத்தின் வாரிசு வகுப்பறைக்குள் போய்விட்டது. வேலைக்கு வைத்துக்கொள்ளப்பட்டது இன்னும் வெளியில்தான் நிற்கிறது. மலையகத்தில் அது ஏன் அப்படி?

விடையில் ஒரு பகுதி பள்ளிக்கூடத்தின் வரலாற்றில் இருக்கிறது. கோப்பிக் காலத்திலேயே, 1854இல், தமிழ்க் கூலி மிசன் தொடங்கித் தோட்டங்களில் வேதமும் எழுத்தும் படிப்பித்தது. அங்கே பாட்டு இருந்தது, ஞானப்பாட்டு. 1907, 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரைமாரின் பொறுப்பாக்கின. பொறுப்பு வந்ததே தவிர மனசு வரவில்லை. ஒரு மடுவம், ஒரு வாத்தியார், எல்லா வகுப்பும் ஒரே அறையில். நாளைக்குக் கொழுந்து எடுக்கப் போகிற பிள்ளைக்கு எழுத்துக்கூட எதற்கு என்று நினைத்த நிர்வாகம் இசையையும் சித்திரத்தையும் பற்றி யோசித்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையான பிறகு, 1970களின் கடைசியில்தான் இந்தப் பள்ளிக்கூடங்கள் ஒழுங்காக அரசாங்கக் கல்விக்குள் வந்தன. பிறகு 1980களில் சுவீடன் உதவி, 1990களில் ஜேர்மன் உதவியோடு கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி. கட்டடமும் ஆசிரியர்களும் வந்தார்கள். எங்கள் அம்மா அப்பா காலத்துப் பள்ளிக்கூடத்தோடு ஒப்பிட்டால் பெரிய மாற்றம்தான், அதைக் குறைத்துச் சொல்லமாட்டோம்.

ஆனால் நாம் உள்ளே வந்தபோது 'அழகியல்' என்றால் என்ன என்பதை மற்றவர்கள் முடிவு செய்து முடித்திருந்தார்கள். அந்த முடிவுகள் எடுக்கப்பட்ட வருசங்களைப் பார்த்தால் எங்களுக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கிறது. 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்து ஹொரணையில் ஸ்ரீ பாலி என்ற பள்ளிக்கூடத்துக்கு அடிக்கல் வைத்தார். பாட்டு, ஓவியம், ஆட்டம், படிப்பு எல்லாவற்றையும் மரநிழலில் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிற சாந்திநிகேதன் முறையை இங்கே கொண்டுவந்தவர் வில்மட் பெரேரா. சாந்திநிகேதனுக்குப் போய்ப் படித்தவர்களில் ஒருவர் ஆனந்த சமரக்கோன், நாட்டின் தேசிய கீதத்தை அமைத்தவர். சிங்களக் கலைக் கல்விக்கு இப்படி ஓர் அடித்தளம் கிடைத்தது.

கண்டியப் பெரய மேளத்தின் கதை இன்னும் நெருக்கமானது, ஏனென்றால் அது நம்ம மலையிலேயே நடந்தது. பெரய அடிப்பது பெரவா என்ற சாதிக்கு விதிக்கப்பட்ட தொழில். தப்புப் போலவே சடங்கோடும் சாதியோடும் கட்டப்பட்டது, அடிக்கிறவரைக் கீழே வைத்துப் பார்ப்பதும் அதேபோல. சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் கண்டிய நடனமும் அதன் மேளமும் தேசியக் கலை ஆயின. அரச பாடசாலைகளுக்குள் போயின. பெரவாக் குடும்பங்களுக்குக் கிடைக்கவேண்டிய மரியாதை முழுசாகக் கிடைத்ததா என்பது தனிக் கதை, அதில் நிறையக் கசப்பு இருக்கிறது. ஆனாலும் ஒரு சிங்களப் பிள்ளை பெரயவைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடை ஏறினால் இன்று யாரும் சாதி கேட்பதில்லை. மாகாணத்துக்கு மாகாணம் பாடசாலைகளில் பெரய இருக்கிறது.

தமிழ்ப் பக்கத்தில் 'சங்கீதம்' என்றால் கர்நாடக சங்கீதம்தான் என்று ஆனது. 1960இல் யாழ்ப்பாணம் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகம் எழும்பியது. அங்கே படித்து வந்த நல்ல ஆசிரியர்களிடம் சரளி வரிசை பாடியவர்கள் எங்களிலும் இருக்கிறார்கள். கர்நாடக சங்கீதத்தோடு எங்களுக்கு ஒரு சண்டையும் இல்லை. கூத்துக்கும் அதே அறுபதுகளில் விடிவு வந்தது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு வடமோடிக் கூத்தை எடுத்து, சுருக்கி, செதுக்கி 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று மேடை ஏற்றினார். பேராதனையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் தெரிவது மலைதான். ஆனால் தமிழ்க் கூத்து என்று அன்றைக்குப் படித்தவர்கள் தேடியது கிழக்கிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும். காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் அந்தப் பட்டியலுக்குள் வர இன்னும் காலம் எடுத்தது. மாத்தளை வடிவேலன் போன்ற மலையகத்து எழுத்தாளர்களே உட்கார்ந்து எழுதவேண்டியிருந்தது.

அந்தக் காலத்தில் மலையகத்தில் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்ற கணக்கு. ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும்போது எல்லாரும் குடும்பங்கள் பிரிந்ததைச் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். கூத்துக் குழுக்கள் பிரிந்ததை யாரும் சொல்வதில்லை. கூத்து தனி ஆள் ஆடுகிற விசயம் இல்லை. மதனுக்கு இந்தியாக் கடவுச்சீட்டு வந்து, ரதிக்கு வராமல் போனால் அந்தத் தோட்டத்தில் அந்த வருசம் காமன் இல்லை. மாஸ்டர் தலைமன்னாருக்கு ஒப்பாரிக் கோச்சி ஏறினால் கொப்பியும் போயிற்று.

இதே விசயத்தில் ஹங்கேரியில் நடந்தது வேறு மாதிரி. சொல்தான் கோடாய் என்ற இசையமைப்பாளர் 1905இல் இருந்து கிராமம் கிராமமாகப் போய் நாட்டுப் பாட்டுகளைப் பதிவு செய்தார், நண்பர் பேலா பார்டோக்கும் சேர்ந்துகொண்டார். கோடாய்க்கு ஒரு பிடிவாதம் இருந்தது. பிள்ளைக்குப் பேச்சில் தாய்மொழி இருப்பதுபோல இசையிலும் தாய்மொழி இருக்கிறது, அது அதன் ஊர்ப் பாட்டு, முதல் பாடம் அதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பார். 1950இல் அவர் பிறந்த ஊரான கெச்கெமேட்டில் அந்த முறையில் ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடமே திறந்தார்கள். இன்றைக்கு உலகம் முழுக்க அதைக் கோடாய் முறை என்று படிக்கிறார்கள்.

நம்மிடமும் பாட்டுச் சேர்த்தவர் இருந்தார். பூண்டுலோயாப் பக்கம் மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த அதே சி. வி. வேலுப்பிள்ளை, 1947இல் தலவாக்கலையில் இருந்து பாராளுமன்றத்துக்குப் போனவர். அவர் லயம் லயமாகக் கேட்டு எழுதியதுதான் 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்'. தாலாட்டு, கொழுந்து எடுக்கும்போது பாடுவது, கங்காணியை நக்கலடிப்பது, ஒப்பாரி எல்லாம் அதில் இருக்கிறது. ஹங்கேரியில் சேர்த்த பாட்டு பள்ளிக்கூடத்துப் பாடமானது. இங்கே சேர்த்த பாட்டு இலக்கிய விமர்சகர்களின் அலுமாரிக்குப் போனது. அதற்கும் முன்னால் ஹட்டனில் கோ. நடேசய்யரும் மீனாட்சி அம்மாளும் தொழிற்சங்கக் கூட்டத்தைப் பாட்டோடுதான் நடத்தினார்கள். எல்லாருக்கும் தெரிந்த மெட்டில் புதுச் சொல்லைப் போட்டு மீனாட்சி அம்மாள் பாடுவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சட்டமும் சம்பளமும் புரிந்தது அந்தப் பாட்டில். தெரிந்த மெட்டிலிருந்து தெரியாத விசயத்துக்குக் கூட்டிப்போவது நல்ல ஆரம்பப் பாடசாலை ஆசிரியர்கள் இன்றும் செய்கிற வேலைதான்.

'உலகப் பண்பாடு' என்ற வார்த்தைக்கு வருவோம். ஆரம்பப் பிள்ளைகளுக்கு உலகப் பண்பாட்டை அறிமுகம் செய்ய வேண்டும் என்றால் பொதுவாக என்ன செய்வார்கள்? ஜப்பான் பிள்ளையின் படம், ஆபிரிக்கப் பிள்ளையின் படம், கீழே ஒரு வரி. தோட்டத்துப் பிள்ளைக்கு அது தொலைக்காட்சி மாதிரி, பார்த்துவிட்டு மறந்துவிடும். ஆனால் காமனையும் தப்பையும் கையில் பிடித்துக்கொண்டு உலக வரைபடத்தைத் திறந்தால் கதையே வேறு.

காமன் எரிந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சாவூரில் 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். அவர்களோடு வந்த லாவணிப் பாட்டில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சி கட்டி இரவெல்லாம் வாதாடினார்கள். வட இந்தியாவின் ஹோலித் தீயிலும் காமன் எரிந்த நினைவு உண்டு, அதுவும் இதே பருவத்துப் பௌர்ணமி. கடல் தாண்டிப் போனால் ஜாவா. அங்கே கெதிரி அரசில், 12ஆம் நூற்றாண்டில், ம்பு தர்மஜா என்ற புலவர் இதே கதையைப் பழைய ஜாவா மொழியில் 'ஸ்மரதகன' என்ற காவியமாக எழுதினார். பாலித் தீவில் கமலான் என்ற வெண்கல வாத்தியக் குழுவில் ஒரு வகைக்குப் பெயரே 'செமார் பெகுலிங்கான்', காமதேவனின் பெயரால் வந்தது. 1930களில் பாலியில் போய்த் தங்கிய கனடா இசையமைப்பாளர் கொலின் மக்ஃபீ அங்கே சின்னப் பையன்களைச் சேர்த்து ஒரு கமலான் குழு தொடங்க உதவினார். 1948இல் அதைச் சிறுவர்களுக்கான புத்தகமாகவும் எழுதினார். நம்ம பொட்டலில் எரிகிற அதே மன்மதனின் பெயர் கொண்ட இசையைக் காதில் கேட்டால், பாலியையும் ஜாவாவையும் பிள்ளை மறக்குமா?

தப்பின் பயணம் இன்னும் கிட்டத்து உறவு. நம்ம ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து மலை ஏறிய அதே நூற்றாண்டில், அதே ஊர்களில் இருந்து மற்றவர்கள் வேறு கப்பலில் ஏறினார்கள். மொரீசியஸ், ரீயூனியன், கயானா, மார்டினிக், 1860இல் இருந்து தென்னாபிரிக்காவின் நேட்டால். கயானாவில் மாரியம்மன் பூசைக்கு இன்றும் தப்பு அடிக்கிறார்கள், பெயர்கூட 'தப்பு'தான். ரீயூனியனில் தமிழ் வழித்தோன்றல்கள் நெருப்பில் காய்ச்சி அடிக்கும் வட்ட மேளம் நம்ம மேளத்தின் கூடப்பிறந்தது. அங்கே விடிய விடிய நடக்கிற தமிழ்க் கூத்துக்கு 'நர்ல்கோன்' என்று பெயர், நாடகம் என்ற சொல் பிரெஞ்சு நாக்கில் உருண்டு அப்படி ஆனது. அவர்களில் மிகப் பலருக்கு இன்று தமிழ் பேசத் தெரியாது. மொழி போயும் அடியும் அரிதாரமும் தங்கியிருக்கிறது. 2023இல் மலையகத்தின் இருநூறு ஆண்டை நினைத்துத் தலைமன்னாரில் இருந்து மாத்தளைக்கு நடந்தவர்களில் எங்கள் நண்பர்களும் உண்டு. அந்த நடையின் வரைபடம் மாத்தளையில் முடிகிறது. தப்பின் வரைபடத்தில் மாத்தளை ஒரு நிறுத்தம்தான்.

சித்திரத்திலும் இப்படி ஒரு வழி இருக்கிறது. தோமஸ் லிப்டன் 1890இல் இங்கே தோட்டங்கள் வாங்கிய நாளில் இருந்து தேயிலைப் பெட்டியிலும் தபாலட்டையிலும் கொழுந்துக் கூடையோடு நிற்கிற நம்ம பெண்ணின் படம் உலகம் முழுக்கப் போயிருக்கிறது. உலகம் மலையகத்தைப் பார்த்திருக்கிறது, கேட்டதில்லை. அந்தப் பெட்டிப் படத்தையும் பிள்ளை தானே வரைந்த காமன் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தரம் 4க்கு ஒரு நல்ல பேச்சு கிடைக்கும்: இதை யார் வரைந்தது, யாருக்காக, படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கிறதா? ஹட்டனைச் சேர்ந்த ஓவியர் ஹனுஷா சோமசுந்தரம் தேநீர்ச் சாயத்தையே நிறமாக்கி வரைகிறார். கலர்ப் பெட்டி வாங்க வசதியில்லாத வகுப்பிலும் தேயிலைச் சாயம் இருக்கும்.

இதையெல்லாம் நடத்தப் புதுக் கட்டடம் வேண்டாம். ஜேர்மனியில் கார்ல் ஓர்ஃப் என்பவரும் குனில்ட் கீட்மனும் 1950களில் சிறுவர் இசைப் புத்தகங்களை வெளியிட்டபோது அடிப்படையாக வைத்தது உடம்பைத்தான். கைதட்டு, தொடைதட்டு, கால்மிதி, பேச்சு, அதற்குப் பிறகுதான் வாத்தியம். காமன் அடியை மேசையில் தட்டலாம். அட்டையில் கிரீடம் செய்யலாம். மூன்று பாடவேளை போதும். செலவு ஒரு விசயமே இல்லை.

விசயம் சாதி. இதைச் சுற்றி வளைத்து எழுத எங்களுக்கு விருப்பமில்லை. தப்பு அடிப்பது ஒரு சாதியின் வேலை என்று தோட்டத்திலும் வைத்திருந்தார்கள். மலையகத்தில் பெரும்பான்மை தலித் மக்கள் என்றாலும், கங்காணி, கணக்கப்பிள்ளை, வாத்தியார் என்று மேலே இருந்தவர்களில் பலர் வேறு சாதி. பள்ளிக்கூடம் மேலே போகிற ஏணி, தப்பு கீழே பிடித்து இழுக்கிற கயிறு என்று பார்த்தார்கள். இன்றும் பரிசளிப்பு விழாவுக்கு அதிதி வந்தால் வாசலில் தப்பு முழங்கும். அடித்தவர்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள். மண்டபத்துக்குள் வேறு இசை. ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் நாங்கள் இதைப் பார்த்திருக்கிறோம்.

அடுத்த சிக்கல் இன்னும் கஷ்டமானது. தப்பு அடிக்கிற குடும்பத்து அப்பாமாரில் பலர் தங்கள் பிள்ளை அதைத் தொடக்கூடாது என்று நினைக்கிறார்கள். சாவு வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு ஓடிப்போய் நின்றவருக்கு அந்த நினைப்பு வருவதில் என்ன தப்பு? தமிழ்நாட்டில் பறையை விடுதலையின் இசையாக மீட்டெடுத்த இளைஞர்களின் வீடியோவை எங்கள் தலைமுறை ஆசையாகப் பகிர்கிறது. அந்த வீடியோவைப் போட்டுக்காட்டி அந்த அப்பாவின் வாயை அடைப்பது அழகில்லை. எங்கள் நிலைப்பாடு இதுதான்: வகுப்பில் எல்லாரும் அடிக்கட்டும், அல்லது யாரும் அடிக்கவேண்டாம். 'உனக்குத்தான் நல்லா வருமே' என்று ஒரு பிள்ளையை மட்டும் எழுப்பி விடுவது, பாராட்டுப்போலத் தெரிகிற பழைய வேலைதான். பொம்பளைப் பிள்ளைகளும் குச்சியைப் பிடிக்கவேண்டும். கூத்து மாஸ்டரைக் கூப்பிட்டால் கதிரை போட்டு, டீ கொடுத்து, வளவாளருக்குக் கொடுக்கிற காசையும் கொடுக்கவேண்டும். அவரிடம் சான்றிதழ் இல்லை என்று வலயக் கல்விப் பணிமனை சொன்னால், கொப்பியைக் காட்டலாம்.

நாடகமும் அரங்கியலும் படிக்கிறவர்களுக்குக் காமன் கூத்து குறிப்புகளில் வரும். பாத்திரங்கள், வாத்தியங்கள், நடக்கும் மாதம் என்று மனப்பாடம் செய்து எழுதலாம். பொட்டலில் மூன்று வயதில் பார்த்ததை பதினாறு வயதில் ஐந்து புள்ளிக்காகப் பாடமாக்குகிறோம். நடுவில் புலமைப்பரிசில் வகுப்புகள் எல்லாவற்றையும் விழுங்கிவிடுகின்றன. அதனால்தான் தரம் 3, 4 என்று சொல்கிறோம். அங்கே இன்னும் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கிறது.

மாசி முதலாம் தவணைக்குள்தான் வரும். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி நடக்கிற நேரம். காமன் ஊன்றிய தோட்டத்தில் அந்த இரண்டு வாரமும் காலையில் பிள்ளைகள் வகுப்பில் தூங்கி வழிவார்கள், சிலரின் காதோரத்தில் அழியாத அரிதாரமும் இருக்கும். இரவு எங்கே இருந்தார்கள் என்று டீச்சருக்குத் தெரியும். முதல் பாடவேளையை அங்கிருந்தே தொடங்கலாம்: நேற்று யார் யார் வந்தாங்க, என்ன கலர், என்ன அடி அடிச்சாங்க, எங்க, தட்டிக் காட்டுங்க பார்ப்போம்.